47-இல் முடியும் அந்த நம்பர் யாருடையது?

ஒரு சனிக்கிழமை, ஹட்டனில் நண்பரின் கொமினிகேஷன் கடையில் போட்டோகொப்பி எடுக்க நின்றிருந்தேன். பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு பெண்பிள்ளை தகப்பனோடு வந்தாள். உயர்தரம் எழுதியவள். விண்ணப்பம் ஒன்றில் கொடுத்திருந்த ஜிமெயிலைத் திறக்க வேண்டும், பாஸ்வர்ட் மறந்துவிட்டது. நண்பர் 'கடவுச்சொல் மறந்துவிட்டதா' என்ற இடத்தை அழுத்தினார். திரையில் வரிசையாகச் சில புள்ளிகள், கடைசியில் 47 என்று இரண்டே இலக்கம். அந்த நம்பருக்குக் குறியீடு அனுப்பட்டுமா என்று கேட்டது.

"47ல முடியிறது யாரு நம்பர் பாப்பா?"

தெரியவில்லை. அப்பாவின் நம்பரும் இல்லை, அவருடைய பழைய நம்பரும் இல்லை. கொழும்பில் கடையில் நிற்கும் அண்ணனுக்குப் போன் போட்டார்கள். "என்னோடது இல்லப்பா" என்றான். கால் மணி நேரம் கழித்து அவளுக்கே ஞாபகம் வந்தது. சாதாரண தரம் எழுதிய வருஷம், சந்தியில் இருந்த ஒரு கடையில் ரீலோட் போடும் அண்ணன்தான் ஐடி திறந்து கொடுத்தாராம். அந்த அண்ணன் இப்போது கட்டாரில். அந்தக் கடை இருந்த இடத்தில் கோழி இறைச்சி விற்கிறார்கள்.

பிள்ளை பாஸ்வர்டை மறந்தது சமீபத்தில்தான். கணக்கு அவள் கையைவிட்டுப் போனதோ, திறந்த அன்றைக்கே. மலையகத்தில் நான் பார்த்த இதுபோன்ற கதைகளில் பாதிக்கு மேல் இப்படித்தான்.

"ஜிமெயில்காரங்ககிட்டதானே இருக்கு, பாஸ்வர்டைச் சொல்லித் தந்தா என்ன?" என்று அந்தத் தகப்பன் கேட்டார். நியாயமான கேள்வி. தோட்டத்து ஒபீசில் சம்பள நம்பர் மறந்துபோனால் செக்ரோலைப் புரட்டிச் சொல்லிவிடுவார்கள் அல்லவா? ஆரம்பத்தில் கணினியிலும் அப்படித்தான் இருந்தது. பலர் பகிர்ந்து பயன்படுத்தும் கணினிக்கு ஆளுக்கொரு கடவுச்சொல் என்ற ஏற்பாடு 1961-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில், பெர்னாண்டோ கோர்பட்டோ தலைமையில் உருவான அமைப்பில் வந்தது. எல்லோருடைய கடவுச்சொல்லும் ஒரே கோப்பில், எழுதியது எழுதியபடியே கிடந்தது. அடுத்த வருஷமே அலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், தனக்கு ஒதுக்கிய கணினி நேரம் போதவில்லை என்று அந்தக் கோப்பை அப்படியே அச்செடுத்து, மற்றவர்களின் கணக்கில் நுழைந்து வேலை பார்த்தார். உலகத்தின் முதல் பாஸ்வர்ட் திருட்டு என்று இதைத்தான் சொல்கிறார்கள். காசுக்கல்ல, கொஞ்சம் கூடுதல் நேரத்துக்கு!

அப்புறம்தான் புத்தி வந்தது. இன்று ஒழுங்காக நடக்கும் எந்த நிறுவனமும் உங்கள் கடவுச்சொல்லை வைத்துக்கொள்வதில்லை. அதை ஒரு கணக்கு முறையில் போட்டு அரைத்து, வரும் தூளை மட்டும் வைத்துக்கொள்கிறது. நமக்கு இதை விளக்கத் தேயிலைத் தொழிற்சாலையைவிட நல்ல உதாரணம் கிடையாது. கொழுந்து வாடி, அரைபட்டு, புளித்து, காய்ந்து, சலித்துத் தூளாக வெளியே வருகிறது. அந்தத் தூளைக் கையில் வைத்துக்கொண்டு எந்தச் செடியின் எந்தக் கிளையில் கிள்ளியது என்று யாராலும் திருப்பிச் செய்ய முடியாது. கணினியின் ஆலையில் ஒரு வித்தியாசம்: ஒரே கொழுந்தைப் போட்டால் எத்தனை தரம் அரைத்தாலும் அணுவளவும் மாறாத அதே தூள்தான் வரும். நீங்கள் பாஸ்வர்ட் அடிக்கும்போது அதைப் புதிதாக அரைத்து, வைத்திருக்கும் தூளோடு ஒப்பிடுகிறது. ஒத்துப்போனால் கதவு திறக்கும். ஆளுக்கொரு தினுசாக எழுத்துக்கள் சிலதைச் சேர்த்துத்தான் அரைக்கிறார்கள். அதனால் நீங்களும் நானும் ஒரே பாஸ்வர்டை வைத்திருந்தாலும் தூள் வேறு வேறாக இருக்கும். சேர்க்கிற அந்தச் சிட்டிகைக்குத் தொழில்காரர்கள் வைத்த பெயர் 'உப்பு'.

ஆகவே பழைய பாஸ்வர்டைச் சொல்லித் தர அவர்களிடம் அது இல்லை. புதிது ஒன்றை வைத்துக்கொள்ள விடலாம், அவ்வளவுதான். அதற்கு முன், கேட்பது நீங்கள்தான் என்று தெரிய வேண்டும். சிக்கல் எல்லாம் இந்த இடத்தில்தான்.

காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் நின்றால் கணக்கப்பிள்ளைக்கு முகம் தெரியும். பெயரைப் பிழையாகச் சொன்னாலும் "ஆறாம் லயத்து ஆள்தானே" என்று பதிந்துவிடுவார். கூகுளுக்கு முகம் தெரியாது. நீங்கள் முன்பு விட்டுச் சென்ற தடங்கள்தான் அதற்குத் தெரியும். எந்த போனில் திறந்தீர்கள், எந்த பிரவுசரில், எந்த ஊரிலிருந்து, எந்த நம்பரைக் கொடுத்தீர்கள், இரண்டாவது மின்னஞ்சல் எது, கடைசியாக ஞாபகமிருக்கும் பாஸ்வர்ட் என்ன. இவற்றைச் சேர்த்துப் பார்த்து நம்பலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கிறது. வழக்கமாகப் பயன்படுத்தும் போனிலோ கணினியிலோ, வழக்கமான இடத்திலிருந்து முயற்சி செய்யுங்கள் என்று கூகுளே சொல்கிறது. நம் ஆட்கள் செய்வது நேர்மாறு. வீட்டில் முயன்று பார்க்காமல் பஸ் ஏறி டவுனுக்கு வந்து, வாழ்நாளில் தொட்டிராத ஒரு கணினியில் உட்கார்ந்து, பத்துத் தரம் பிழையாக அடிக்கிறோம். ஊர் தெரியாத ஒருவன் பூட்டை ஆட்டிப் பார்ப்பது போலத்தான் அதற்குத் தெரியும். கொஞ்ச நேரத்தில் 'பிறகு முயற்சிக்கவும்' என்று கதவை அடைத்துவிடும்.

எங்கள் பாட்டன்மாருக்கு இது புதிதல்ல. 1948-ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தில், இங்கே பிறந்திருப்பது மட்டும் போதவில்லை. தகப்பன் இங்கே பிறந்தவர் என்று காட்ட வேண்டும்; இல்லாவிட்டால் தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். ஆள் கண்முன்னே நிற்கிறார், காகிதம் இல்லை. 2003-இல் வந்த சட்டம்தான் எஞ்சியிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை தந்தது. கணினிக் கணக்கை அந்தத் துயரத்தோடு ஒப்பிடுவது அதிகம்தான். ஆனாலும் 'இந்தக் கணக்கு உங்களுடையது என்று உறுதிப்படுத்த முடியவில்லை' என்ற வரியைத் திரையில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என் தாத்தாவின் தகரப் பெட்டிதான் ஞாபகம் வரும்.

சரி, நம்பருக்கு வருவோம். இங்கே அதிகம் காலை வாருவது அதுதான்.

ஒரு சிம் யார் அடையாள அட்டையில் பதிவாகியிருக்கிறது என்பதை நாம் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பிள்ளைக்கு இன்னும் அடையாள அட்டை வரவில்லை, அதனால் மாமாவின் அட்டையில் ஒரு சிம். மருமகள் வெளிநாடு போகிறாள், அவள் சிம்மை மாமியார் போட்டுக்கொள்கிறார். டயலொக், மொபிட்டல், ஹட்ச் எதுவானாலும், சிம் தொலைந்தால் அதே நம்பரில் புது சிம் எடுக்கலாம். ஆனால் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் அடையாள அட்டையோடு போக வேண்டும். மறந்த பாஸ்வர்டை மீட்க இதைவிட நேர்வழி எனக்குத் தெரியாது. நம்பர் திரும்பி வந்தால் குறியீடு வரும், குறியீடு வந்தால் கணக்கு வரும். ஆகவே முதலில் கேட்க வேண்டியது, 'அந்த சிம் யார் பெயரில்?'

காலம் தாழ்த்தினால் இன்னொரு ஆபத்து. ரீலோட் போடாமல் நீண்ட நாள் கிடக்கும் நம்பரை நிறுவனம் துண்டித்துவிட்டு, பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடும். உங்கள் ஜிமெயிலுக்கும் பேஸ்புக்குக்கும் வரும் குறியீடு மாத்தறையிலோ மன்னாரிலோ முன்பின் தெரியாத ஒருவரின் போனில் போய் விழும். வட்ஸ்அப்பின் கதை இன்னும் நேரடியானது. அங்கே நம்பர்தான் கணக்கு. 6 இலக்கக் குறியீடு யாருக்கு வருகிறதோ கணக்கு அவருடையது. இதற்குத் தடையாக இரண்டாவது பூட்டு ஒன்று, அதாவது ஒரு இரகசிய எண், போட்டுக்கொள்ளலாம். போட்ட எண்ணையே மறந்து, மீட்பதற்கு மின்னஞ்சலும் கொடுக்காமல் விட்டிருந்தால் 7 நாள் காத்திருக்க வேண்டிவரும். குவைத்திலிருந்து அம்மா எடுக்கும் ஒரே வழி வட்ஸ்அப் என்றிருக்கும் வீட்டில் 7 நாள் என்பது சின்னக் காலமல்ல.

குறியீடு வந்துசேருவதே மலைக்குள் ஒரு கூத்து. லயத்துக்குள் சிக்னல் ஒரு கோடு. கோயில் வளைவுக்கு ஏறினால் மூன்று கோடு. குறியீட்டுக்கோ சில நிமிடம்தான் ஆயுள். வரவில்லையே என்று 'மீண்டும் அனுப்பு' என்பதை நாலு தரம் அழுத்துவார்கள். அப்புறம் மேட்டில் ஏறினதும் நாலும் மொத்தமாக வந்து விழும். பெரும்பாலான சேவைகளில் கடைசியாக அனுப்பியது மட்டும்தான் செல்லும், முன்னையவை செத்துவிடும். எது கடைசி என்று தெரியாமல் முதலில் கண்ணில் பட்டதை அடித்து, பிழை என்று வந்ததும் மறுபடி அனுப்பச் சொல்லி... நண்பரின் ஆலோசனை எளிது: சிக்னல் உள்ள இடத்துக்கு முதலில் போ, அங்கே நின்றுகொண்டு ஒரே ஒரு தரம் கேள், பொறு.

முன்பெல்லாம் இரகசியக் கேள்வி என்று ஒன்று இருந்தது. உன் முதல் பள்ளிக்கூடம் எது, அம்மாவின் குடும்பப் பெயர் என்ன, செல்லப் பிராணியின் பெயர் என்ன என்று கேட்பார்கள். நமக்கு இதைவிடப் பொருத்தமில்லாத கேள்விகள் கிடையாது. தோட்டம் முழுக்கப் படித்தது ஒரே தோட்டப் பாடசாலை. நம் அம்மாமாருக்குக் குடும்பப் பெயர் ஏது, தகப்பன் பெயரின் முதல் எழுத்துத்தான். நாய் என்றால் லயத்துக்கு லயம் மணி, இல்லாவிட்டால் டைகர். எனக்குத் தெரிந்த ஒருவர் அந்தக் குடும்பப் பெயர்க் கட்டத்தை நிரப்ப வேண்டுமே என்று ஊர்ப் பெயரை எழுதிவிட்டு, அதையும் மறந்துபோனார். நம்மால் மட்டும் வந்த பிரச்சினையல்ல. 2008-இல் அமெரிக்கத் துணை ஜனாதிபதி வேட்பாளர் சாரா பேலினின் யாஹூ மின்னஞ்சலுக்குள் ஒரு கல்லூரி மாணவன் நுழைந்தது இதுபோன்ற கேள்விகளுக்கு இணையத்தில் தேடிப் பதில் கண்டுபிடித்துத்தான். 2015-இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு கணக்கு இன்னும் வேடிக்கை. ஆங்கிலம் பேசுகிறவர்களிடம் 'பிடித்த உணவு என்ன' என்ற கேள்விக்கு, ஒரே ஊகத்தில் சரியாகச் சொல்லிவிட 19.7 சதவீத வாய்ப்பு இருந்ததாம். திருடனுக்கு எளிதாகவும் சொந்தக்காரனுக்குக் கஷ்டமாகவும் இருந்த அந்த ஏற்பாடு பெரும்பாலான இடங்களில் மெல்ல மெல்லக் கைவிடப்பட்டது நல்லதுதான்.

பேஸ்புக்கில் வேறு வழி ஒன்று உண்டு. சில சமயம் அடையாள அட்டையின் படத்தைக் கேட்கும். அட்டையிலுள்ள பெயரும் பிறந்த திகதியும் கணக்கோடு பொருந்த வேண்டும். இங்கேதான் 'மலையகத்து ராஜா', 'மௌனத்தின் குரல்' என்றெல்லாம் பெயர் வைத்தவர்கள் மாட்டுகிறார்கள். உண்மைப் பெயரில் திறந்தவர்களுக்கும் நிம்மதியில்லை. பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் ஒரு எழுத்து, பாடசாலைப் பதிவில் இன்னொரு எழுத்து என்று நம் பெயர்கள் அலுவலகத்துக்கு அலுவலகம் உருமாறிக் கிடப்பது ஊரறிந்தது. பிறந்த திகதியைக் கேட்கவே வேண்டாம். கணக்கு திறந்து கொடுக்கும் கடைத் தம்பிக்கு ஆயிரம் வேலை. வருஷத்தில் எதையோ போட்டு, மாதமும் நாளும் கைக்கு வந்தபடி 1, 1 என்று தட்டிவிடுவார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நம் அடையாள அட்டை இலக்கத்துக்குள்ளேயே பிறந்த நாள் இருக்கிறது. பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருஷம், அடுத்த மூன்றும் அந்த வருஷத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500-ஐக் கூட்டியிருப்பார்கள். புதிய 12 இலக்க எண்ணில் வருஷம் நான்கு இலக்கத்தில் முழுதாகவே இருக்கும். ஆகவே அட்டையின் போட்டோகொப்பி கையில் இருக்கும் எவருக்கும் உங்கள் பிறந்த நாள் தெரியும். அதையே பாஸ்வர்டாக வைப்பவர்களுக்கு நான் என்ன சொல்ல?

பாஸ்வர்ட் மறந்தவர்கள் செய்யும் காரியங்களில் எனக்கு மிகவும் பயம் தருவது, போனை ரீசெட் பண்ணிவிடுவது. "ரீசெட் அடிச்சா எல்லாம் புதுசாயிடும் அண்ணே" என்பார்கள். புதிதாகும், உண்மைதான். ஆனால் கூகுள் உங்களை அடையாளம் காண வைத்திருந்த மிக நல்ல சாட்சி அந்த போன். அதில் கணக்கு திறந்தபடியே இருந்திருக்கும்; பாஸ்வர்டே தேவைப்படாமல் 'ஆம், நான்தான்' என்று ஒரு தட்டுத் தட்டி மீட்டிருக்கலாம். சாட்சியை நாமே தீர்த்துக் கட்டிவிடுகிறோம். அதோடு, போனின் திரைப் பூட்டைத் தாண்டுவதற்காக வெளியிலிருந்து பொத்தானை அழுத்தி ரீசெட் பண்ணினால், அண்ட்ரொயிட் 5.1-இலிருந்து வந்த போன்கள் எழும்பும்போது முன்பிருந்த கூகுள் கணக்கையே கேட்கும். திருட்டைத் தடுக்க வைத்த ஏற்பாடு அது. மறந்த பாஸ்வர்டுக்காக ரீசெட் பண்ணி, ரீசெட் பண்ணியதால் அதே பாஸ்வர்ட் இல்லாமல் போனைத் திறக்க முடியாமல் நிற்பவர்களை நண்பரின் கடையில் அடிக்கடி காணலாம்.

மடிக்கணினியிலும் சாயல் அதுவே. விண்டோஸில் மைக்ரோசொஃப்ட் கணக்கால் நுழைகிறவரானால், கையிலிருக்கும் போனிலேயே இணையத்தில் பாஸ்வர்டை மாற்றிக்கொண்டு வரலாம். கணினிக்குள் மட்டும் உள்ள கணக்கு என்றால், திறக்கும்போது கொடுத்த இரகசியக் கேள்விகள்தான் துணை. அதுவும் போய்விட்டால் 'விண்டோஸ் அடித்துத் தருகிறோம்' என்பார்கள், அதாவது எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றுவது. அடிக்கும் முன் உள்ளே இருக்கும் படங்களையும் பாடக் குறிப்புகளையும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். உள்ளிருப்பதை எல்லாம் பூட்டி வைக்கும் பிட்லொக்கர் பூட்டு விழுந்த கணினியானால் 48 இலக்க மீட்பு எண் இல்லாமல் அதையும் எடுக்க முடியாது. அந்த எண் பெரும்பாலும் மைக்ரோசொஃப்ட் கணக்குக்குள் சேமிக்கப்பட்டிருக்கும். ஆக மறுபடியும் அந்தக் கணக்கைத்தான் மீட்டாக வேண்டும்.

'எந்த ஐடியையும் ரெண்டே மணி நேரத்தில் எடுத்துத் தருகிறோம்' என்று பேஸ்புக்கில் வலை விரிப்பவர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கூகுளுக்கோ பேஸ்புக்குக்கோ காசு வாங்கி மீட்டுத் தரும் முகவர் யாரும் கிடையாது. "ஒரு ஆறு நம்பர் வரும், அத மட்டும் சொல்லுங்கக்கா" என்று கேட்டால் அவர்கள் திறப்பது உங்கள் கணக்கை, அவர்களுக்காக. அனுமதியில்லாமல் இன்னொருவர் கணக்கில் நுழைவது 2007-ஆம் ஆண்டின் 24-ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின்படி குற்றம். புருஷன் பெண்சாதி கணக்கில் நுழைந்தாலும் சட்டத்தின் கண்ணுக்கு அது வேறல்ல. இங்கே பலர் அதை உரிமை என்றே நினைக்கிறார்கள்.

கூகுள் கணக்கில் இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போட்டால், 10 மாற்றுக் குறியீடுகளை எடுத்து வைக்கலாம். ஒவ்வொன்றும் 8 இலக்கம், ஒரு தரம்தான் செல்லும். சிக்னலும் வேண்டாம், சிம்மும் வேண்டாம். பாஸ்வர்டுக்குப் பதில் ஆகாது. பாஸ்வர்டைச் சரியாக அடித்த பிறகும் 'போனுக்கு வந்த குறியீடு எங்கே' என்று கேட்குமே, அந்த இரண்டாவது கதவுக்கு உதவும். தாளில் எழுதி எங்கே வைப்பது? அடைமழையில் மண்சரிவு எச்சரிக்கை வந்தால் தூக்கிக்கொண்டு ஓட ஒரு பை இருக்குமே, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் எல்லாம் பொலித்தீனில் சுற்றி வைத்த பை, அதற்குள்தான். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதற்குப் பிறகு அப்படியொரு பை வைக்காத வீடுகள் குறைவு என்றுதான் நினைக்கிறேன்.

கூகுள் இன்னொன்றும் செய்கிறது. 2 வருஷம் தொடாத தனியாள் கணக்குகளை 2023 டிசம்பரிலிருந்து அழிக்கத் தொடங்கியது. 'மறந்துபோச்சு, அப்புறம் பார்ப்போம்' என்று விட்டு வைத்த கணக்கு, பார்க்கப்போகும் நாளில் இல்லாமலே போயிருக்கலாம்.

அந்தப் பிள்ளையின் கதைக்கு வருகிறேன். 47-ஐ விட்டுவிட்டு, "இதுக்கு முந்தி எந்த போன்ல மெயில் பார்த்தே?" என்று நண்பர் கேட்டார். திரை உடைந்த பழைய போன் ஒன்று வீட்டில் கிடப்பதாகவும், தம்பி அதில் கேம் விளையாடுவதாகவும் சொன்னாள். அடுத்த சனிக்கிழமை தகப்பன் அதை ஒரு துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். சார்ஜ் ஏற்றி, கடையின் வைஃபையில் போட்டு, கணினியில் மறுபடி மீட்புப் பக்கத்தைத் திறந்தோம். இம்முறை வேறு வழி காட்டச் சொன்னதும், சில நொடியில் அந்த போனில் 'உள்நுழைய முயல்வது நீங்களா?' என்று வந்துவிட்டது. 'ஆம்' என்ற இடத்துக்கு மேலேயே விரிசல்; எத்தனை தரம் தொட்டாலும் வேலை செய்யவில்லை. போனைப் படுக்கை வாட்டில் திருப்பியதும் பொத்தான் விரிசலைவிட்டுக் கொஞ்சம் நகர்ந்தது. தொட்டாள். திறந்தது.

47-ஐ நீக்கி, அவள் பெயரிலேயே புதிதாக எடுத்த சிம்மின் நம்பரைப் போட்டார்கள். அப்படியே மற்ற விவரங்களையும் பார்த்துக்கொண்டு வந்த நண்பர் ஓரிடத்தில் நிறுத்திச் சிரித்தார். கட்டாருக்குப் போன அந்த அண்ணன் போட்டுவிட்ட பிறந்த திகதி, 1990 ஜனவரி 1.

"பாப்பா, நீ என்னவிட மூணு வயசு மூத்தவ. அக்கான்னு கூப்பிடட்டா?"